மேலிடம் தேடிய உடும்பு

தாமரைக்குளத்து உடும்பு பொன்னுரங்கத்தைத் தெரியாத பிராணி அந்தக் காட்டிலேயே கிடையாது. மூன்று சிங்க ராஜாக்களிடம் தண்ணீர் அதிகாரியாக இருந்தவர் அவர். கைசுத்தம், நேரம் தவறாமை, எல்லாம் உண்டு. ஆனால் யார் வந்து எந்தக் குறையைச் சொன்னாலும் அவர் வாயில் ஒரே பதில்தான் வரும்.

"ஆகட்டும், மேலிடத்துக்குச் சொல்கிறேன்."

ஒருநாள் சிங்க ராஜா அறிவித்துவிட்டார், இனி அந்தந்தக் குளத்துக்குத் தலைவரை அங்கே இருப்பவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று. பொன்னுரங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. காலமெல்லாம் அடுத்தவர் உத்தரவுக்குக் காத்திருந்தாயிற்று. ஒரு தடவையாவது தானே முடிவெடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு அத்தனை ஆசை! வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்றார்.

எதிர்த்து நின்றவன் குரங்கு சிங்காரம். அவன் கிளைக்குக் கிளை தாவிப் போய் ஓட்டுக் கேட்டான். குட்டிகளைத் தூக்கிக் கொஞ்சினான். நம் உடும்பாரோ எங்கும் போகவில்லை. ஓட்டுப் போடுகிறவர் ஒரு கூழாங்கல்லைக் கொண்டுபோய், தனக்குப் பிடித்தவர் காலடியில் வைக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. தேர்தலன்று காலையில் பொன்னுரங்கம் நாவல் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, "எல்லோரும் வரிசையில் வரவும், முண்டியடிக்கக் கூடாது" என்று மரங்கொத்தியை விட்டுக் கூவச் சொன்னார். ஈ காக்கை வரவில்லை.

கடைசியில் தவளை அஞ்சலை மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையில் கல் இல்லை.

"ஐயா, கிழக்குக் கரையில் நண்டு வளை பெரிசாகித் தண்ணீர் வெளியே போகுது. கரை உடைந்தால் குளமே காலி. என் பிள்ளைகள் இன்னும் தலைப்பிரட்டைகள், தண்ணீர் இல்லாவிட்டால் செத்துவிடும்."

"ஆகட்டும் அம்மா, மேலிடத்துக்குச் சொல்கிறேன்."

அஞ்சலை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த மேலிடம் ஐயா? நீங்கள்தானே தலைவராகப் போகிறேன் என்கிறீர்கள். உங்களுக்கு மேலே இந்த நாவல் மரம்தான் இருக்கு."

பொன்னுரங்கம் அண்ணாந்து பார்த்தார். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுத்த நொடி எழுந்து ஓடினார்.

கரையில் உடைப்பு பானை வாய் அளவுக்குத் திறந்திருந்தது. பக்கத்தில் கிடந்த பனங்கட்டையை இழுத்துக் குறுக்கே போட்டார். வெள்ளம் அதை அடித்துப்போகாமல் நகங்களால் இறுகப் பிடித்துக்கொண்டார். உடும்புப்பிடி என்றால் சும்மாவா!

"அஞ்சலை, களிமண் கொண்டு வா. நண்டுகளே, நீங்களும் வாருங்கள். வாத்துகளே, கோரைப்புல்லைப் பிடுங்கிப் போடுங்கள்."

ஒரு வாத்து தயங்கியது. "ஐயா, ஓட்டுப் போடுகிற நேரம். மரத்தடியில் நீங்கள் இல்லாவிட்டால் சிங்காரம் ஜெயித்துவிடுவானே?"

பொன்னுரங்கம் ஒரு தடவை நாவல் மரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எத்தனை வருஷத்து ஆசை! "பதவி போனால் போகட்டும். நான் பிடியை விட்டால் குளம் போய்விடும்" என்றார்.

சேதி பரவியது. முயல்கள் வந்தன, மான்கள் வந்தன, முள்ளம்பன்றி குடும்பத்தோடு வந்தது. ஆளுக்கொரு கூழாங்கல்.

"நீங்கள் சொன்னபடி வரிசையிலேதான் வருகிறோம்" என்று சிரித்தது ஒரு முயல். ஒவ்வொருவரும் தங்கள் ஓட்டை அவர் காலடியில், அந்த உடைப்பிலேயே போட்டார்கள். கல் ஏற ஏறத் தண்ணீர் அடங்கியது. வரிசையின் கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு சிங்காரமும் நின்றான்.

"என்ன பார்க்கிறீர்கள்? நானும் இந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறேன்" என்று தன் கல்லைப் போட்டான். ஓட்டை அடைபட்டது. தலைப்பிரட்டைகள் துள்ளி விளையாடின.

பொன்னுரங்கம் மட்டும் பிடியை விடவில்லை.

"இனி விடலாம் ஐயா" என்றாள் அஞ்சலை.

"யார் உத்தரவு?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

"உங்கள் உத்தரவுதான், தலைவரே!"

கரையே சிரித்தது. எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் பொன்னுரங்கம்தான்.

நீதி: ஆபத்து வரும்போது யாரையும் எதிர்பார்க்காமல் தானே இறங்கித் தாங்குகிறவரைத்தான் ஊர் தலைவராக ஏற்றுக்கொள்ளும்.