வெயில் பட்ட கிளை

மனிதர்கள் ஏரி வெட்டக் கற்றுக்கொண்டு, அதற்குப் பெயர் வைக்க மறந்துபோன காலம் ஒன்று இருந்தது. அப்படிப் பெயரில்லாமல் கிடந்த ஓர் ஏரியில் மூன்று இனத்துப் பறவைகள் கூட்டணி அமைத்து வாழ்ந்தன. எப்படி வாழ்ந்தன என்று முதலில் சொல்கிறேன். பிரிந்த கதை தானாக வரும்.

நீர்க்காகங்கள் ஆழத்தில் முங்கி மீனை விரட்டும். கூழைக்கடாக்கள் பிறை போல வளைந்து நின்று அந்த மீனை மறிக்கும். நாரைகள் மேற்குக் கரைக் கருவேல மரத்தின் உச்சியில் நின்று வானத்தைப் பார்க்கும். ராஜாளி தெரிந்தால் கத்தும். அவரவர் அலகுக்கு எட்டிய மீன் அவரவருக்கு. இதுதான் உடன்படிக்கை.

நீர்க்காகத்தின் இறகில் தண்ணீர் ஊறிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முங்கி எழுந்தால் சிறகை விரித்துக் காயவைக்க வேண்டும். காயும்வரை நன்றாகப் பறக்க முடியாது. அதனால், நீர்க்காகங்கள் நாரைகளின் மரத்துக் கீழ்க்கிளைகளில்தான் உலர வேண்டும், அங்கேதான் கூடு கட்ட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. ஏன் அப்படி ஒரு விதி என்று யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கீழே உட்கார்ந்தால் என்ன நடக்கும்? மேலே இருக்கும் நாரைகளின் எச்சம் தலையில் விழும். விழுந்தது. தாத்தன் காலத்திலிருந்து விழுந்துகொண்டே இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் சுழியன் என்ற நீர்க்காகம் எழுந்து பேசியது. ஆழமாக முங்கத் தெரியாது. சத்தமாகப் பேசத் தெரியும்.

"ஆழத்துல முங்குறது யாரு?"

"நாம!" என்று கத்தின நீர்க்காகங்கள்.

"குளிர்ல நனையறது யாரு?"

"நாம!"

"எச்சம் விழறது யார் தலையில?"

இதற்கு வந்த சத்தத்தில் ஏரியின் தவளைகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டன.

"அப்போ எதுக்கு இந்தக் கூட்டணி? நம்ம சிறகு! நம்ம வெயில்! நம்ம மரம்!"

கூட்டத்தில் நீலாயி என்ற பெட்டை இருந்தாள். வயிற்றில் முட்டை கனத்துக்கொண்டிருந்தது. இன்னும் சில நாளில் எங்கேயாவது கூடு கட்டியாக வேண்டும். அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"சுழியண்ணே, ராஜாளி வந்தா யாரு கத்துவா?"

"நாமே கத்துவோம் தாயி. நமக்கு வாய் இல்லையா?"

"வாய் இருக்கு. அது தண்ணிக்குள்ள இருக்கும்போது எப்படிக் கத்துறது?"

சிலர் சிரித்தார்கள். சுழியன் சிறகை உதறியது. "பாத்தீங்களா? பயங்காட்ட ஆரம்பிச்சாச்சு! ராஜாளி, ராஜாளின்னு சொல்லியே நம்மள எச்சத்துக்கு அடியில உக்கார வச்சிருக்காங்க. உங்கள்ல எத்தனை பேரு ராஜாளியக் கண்ணால பாத்திருக்கீங்க?"

யாரும் பார்த்ததில்லை. நாரைகள் கத்தியதும் அது ஒவ்வொரு முறையும் திரும்பிப் போயிருந்தது.

வாதம் வளர்ந்தது. ஊட்டுவதை விட்டுவிட்டுப் பேசினார்கள், உண்பதை விட்டுவிட்டுப் பேசினார்கள், கடைசியில் கேட்பதையும் விட்டுவிட்டுப் பேசினார்கள். முடிவு செய்ய நாள் குறித்தார்கள். ஏரி நடுவில் பட்டுப்போன ஒதியமரம் ஒன்று உண்டு. அதில் இரண்டு பெரிய கிளைகள். விலக நினைப்பவர் கிழக்குக் கிளையில் உட்கார வேண்டும், சேர்ந்திருக்க நினைப்பவர் மேற்குக் கிளையில். எண்ணிச் சொல்ல, எந்தப் பக்கமும் சேராத மீன்கொத்தியை அழைத்தார்கள்.

நாளைக் குறித்தது சுழியன். நேரத்தைக் குறித்ததும் சுழியன்தான்: காலை மீன்பிடி முடிந்த கையோடு.

அன்று வாடைக்காற்று வீசியது. விடியலில் முங்கிய நீர்க்காகங்கள் சொட்டச் சொட்ட மரத்துக்கு வந்தன. கிழக்குக் கிளையில் இளவெயில் விழுந்தது. மேற்குக் கிளை அடிமரத்தின் நிழலில் கிடந்தது.

நீலாயி நிழல் கிளையில்தான் போய் உட்கார்ந்தாள். பல் இருந்தால் கிட்டியிருக்கும். எதிர்க் கிளையிலிருந்து அவள் கணவன் கெண்டையன் கூப்பிட்டான்.

"ஏ நீலா, அங்க என்ன பண்ற? இங்க வா, முதுகு என்னமா காயுது!"

"நீ விலகணும்னா உக்காந்திருக்க?"

"விலகுறதாவது! நான் காயறேன். மீன்கொத்தி வர்றதுக்குள்ள அந்தப் பக்கம் போயிரலாம், வா."

வயிற்றுக்குள் முட்டைக்கும் குளிரும் என்று நினைத்தாள் நீலாயி. தத்தி அந்தப் பக்கம் போனாள். வெயில் இதமாக இருந்தது. கண்ணை மூடினாள்.

கண்ணைத் திறந்தபோது மீன்கொத்தி எண்ணி முடித்திருந்தது. விலகுவோர் பக்கம் ஒரே ஒரு தலை அதிகம்.

"ஐயா, நான் காயத்தான் உட்கார்ந்தேன்!" என்றாள் நீலாயி.

"என் வேலை கிளையைப் பார்ப்பது. மனசைப் பார்ப்பதில்லை" என்று சொல்லிவிட்டு மீன்கொத்தி பறந்துபோனது.

அந்தப் பட்ட மரமே அவர்களின் சொந்த மரமானது. நீலாயியும் அங்கேதான் கூடு கட்டினாள். முதல் சில நாள் ஒரே கொண்டாட்டம். தலை சுத்தமாக இருந்தது. ஒருவர் தலையை ஒருவர் பார்த்துப் பெருமைப்பட்டார்கள்.

ஆனால் விரட்டிய மீனை மறிக்க ஆளில்லை. மீன்கள் ஏரியின் மறுகோடிக்கு ஓடின. கூழைக்கடாக்கள் வளைந்து நின்று காத்திருந்தன. விரட்ட ஆளில்லாமல் அவற்றின் தாடைப் பையும் காலியாகத் தொங்கியது. எல்லாருக்கும் பசி. எல்லாருக்கும் மானம் மட்டும் நிறைய இருந்தது.

சுழியன் நாரைகளின் தலைவர் ஒற்றைக்காலாரிடம் தூது போனது.

முதல் முறை போய், "விலகியது விலகியதுதான். ஆனா கூழைக்கடாக்கள் எங்களுக்கு மீன் மறிக்கட்டும்" என்றது.

இரண்டாம் முறை போய், "ராஜாளி வந்தா எங்க மரத்துக்கும் சேர்த்துக் கத்துங்க" என்றது.

மூன்றாம் முறை போய், "மழை பெய்தா உங்க மரத்தடியில ஒதுங்கிக்கிறோம். எச்சம் மட்டும் வேண்டாம்" என்றது.

ஒற்றைக்காலார் மடக்கிய காலைக் கீழே வைத்தார். "தம்பி, நீ கேக்குற இத்தனைக்கும் சேத்து ஏற்கனவே ஒரு பேரு இருந்துச்சு. அதை நீதான் வேண்டாம்னுட்ட."

பக்கத்தில் பசியோடு மிதந்துகொண்டிருந்த கிழட்டுக் கூழைக்கடா கொட்டாவி விட்டது. "நீரும் ரொம்பப் பேசாதேயும் ஓய். இத்தனை வருஷத்துல ஒரு அடி தள்ளி உக்காருவோம்னு உமக்குத் தோணிச்சா?"

ஒற்றைக்காலார் காலை மறுபடி மடக்கிக்கொண்டார். தூது அதோடு முடிந்தது.

நீலாயிக்கு மூன்று குஞ்சுகள் பொரிந்தன. மீனைத் தேடி வெகுதூரம் முங்க வேண்டியிருந்ததால் அவள் திரும்பும்போது எலும்புவரை நனைந்திருப்பாள்.

ஒரு நண்பகல். பட்ட மரம் முழுவதும் நீர்க்காகங்கள் சிறகு விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. வானத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி நிழலானது. நிழல் நகமானது. மரம் முழுக்கச் சிறகுகள். நனைந்திருந்ததால் பறக்க ஒன்றும் உதவவில்லை. நீலாயி பாய்ந்தாள், தண்ணீரில்தான் விழுந்தாள். ராஜாளி எழும்பியபோது அதன் காலில் ஒரு குஞ்சு இருந்தது.

அழுது முடித்த மறுநாள் விடியலில் அவள் சுழியனின் முன்னால் போய் நின்றாள்.

"மறுபடி எண்ணணும்."

"ஒருமுறை உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான் தாயி. இனத்தோட முடிவு அது."

"அன்னைக்கு நான் காயத்தான் உட்கார்ந்தேன்."

"நானும்தான்" என்றான் கெண்டையன், தலையைக் குனிந்துகொண்டு. "நானும்" என்றது ஒரு கிழம். "நானும், நானும்" என்று கிளை கிளையாகக் குரல் வந்தது.

"இப்பவே எண்ணுவோம்" என்றாள் நீலாயி. "தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடி. சிறகு காஞ்சிருக்கும்போது."

மீன்கொத்தி வந்தது. கிழக்கே அதே இளவெயில், மேற்கே அதே நிழல். எல்லாரும் நிழலில் போய் நெருக்கி உட்கார்ந்தார்கள். வெயில் முழுவதும் சுழியனுக்கே கிடைத்தது.

கூட்டணி மீண்டும் கூடியது. ஆனால் அவர்கள் இல்லாத நாளில் நல்ல கிளைகளில் கொக்குகள் குடியேறியிருந்தன. மிச்சமிருந்தது அடிக்கிளை ஒன்றுதான். உச்சியிலிருந்து விழுவதெல்லாம் கடைசியாக வந்து சேரும் இடம். ஒற்றைக்காலார் மட்டும் ஒரு அடி தள்ளி உட்கார்ந்தார். அது பெரிய உதவியாக இல்லை.

சுழியன் பட்ட மரத்திலேயே தங்கி, தான் மட்டுமே சுதந்திரப் பறவை என்று தினமும் அறிவித்தது. மழை வந்தால் இந்தப் பக்கம் வரும். விருந்தாளி என்று சொல்லிக்கொள்ளும்.

ஒரு நாள் நீலாயியின் தலையில் சொத்தென்று விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். உச்சியில் ஒரு நீண்ட கால், அதற்கு மேலே வானத்தைத் துழாவும் ஒரு கண். தலையை உதறிவிட்டுக் குஞ்சுகளை எண்ணினாள். ஒன்று, இரண்டு. மூன்றாவதைத் தேடிக் கழுத்து தானாகத் திரும்பியது.

ஆகவே பெரியோரே, பிள்ளைகளே, ஒன்றை விட்டு விலகலாமா என்று முடிவு செய்யும் நாளில் எந்தக் கிளை இதமாக இருக்கிறது என்று பார்த்து உட்காராதீர்கள். நீங்கள் உட்காரும் கிளையில்தான் உங்கள் பிள்ளைகள் வாழ வேண்டியிருக்கும்.