வாய் மூடிய குளம்

தாமரைக் குளத்துத் தவளைகளுக்குத் தலைவர் மஞ்சணன். வாத்தியார் என்றாலே அவருக்குக் குலை நடுங்கும். அவருடைய அண்ணனை ஒரு காலத்தில் கல்லூரிக்குப் பிடித்துப் போனார்கள். மெழுகுத் தட்டில் கிடத்தி, நாலு காலிலும் ஊசி குத்தி, வயிற்றைக் கீறிப் பாடம் நடத்தினார்களாம். அதை எப்படி மறப்பது?

அன்று மழை விட்ட மாலை. விலங்கியல் பேராசிரியை பொற்கொடி, மாணவிகளோடு கரையில் வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு நோட்டு.

"வந்துவிட்டார்கள்! ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது!" என்றார் மஞ்சணன். மேலைக் குளத்துத் தவளைகளுக்கும் போன மாதம் மீன்கொத்தியிடம் இதையேதான் சொல்லி அனுப்பியிருந்தார்.

குளம் கப்சிப் என்று ஆனது.

அப்போது மீன்கொத்தி பதறிப் பறந்து வந்தது. "தலைவரே, மோசம் போனோம்! மேலைக் குளத்தில் லாரி லாரியாக மண் கொட்டுகிறார்கள்!"

"ஏன்?"

"செத்த குளமாம்! தவளைச் சத்தம்கூட இல்லையாம்!"

"நம்மவர்கள்?"

"எல்லோரும் மண்ணுக்கு அடியில், தலைவரே."

கரையில் ஒரு மாணவி கேட்டாள். "மேடம், இங்கேயும் சைபர்தானா?"

பொற்கொடி நோட்டைப் பார்த்தார். "மேலைக் குளத்தில் 'கேட்கவில்லை' என்றுதான் எழுதினேன். அதிகாரிகள் 'இல்லை' என்று படித்துவிட்டார்கள். ஓடி ஓடிச் சொல்லியும் பலனில்லை. நான் படித்த நாளில் தவளையை அறுத்துப் படித்தோம். அது மனசை அறுத்ததால்தான் இப்போது காதால் எண்ண வருகிறேன். கேட்காததை எப்படியம்மா எழுதுவது? இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்போம்."

மஞ்சணன் அண்ணனை நினைத்தார். மேலைக் குளத்தையும் நினைத்தார்.

அவர் மேலே ஏறப் போனதும் மற்றத் தவளைகள் தடுத்தன. "தலைவரே, போகாதீர்கள்!"

"தப்பு என்னுடையது. பிடித்தால் என்னைப் பிடிக்கட்டும்!"

அவர் தாமரை இலைமேல் ஏறினார். தொண்டையை உப்பிக்கொண்டு கத்தினார். கொஞ்ச நேரம் அந்த ஒரு குரல்தான். பிறகு இன்னொன்று. பிறகு குளமே கத்தியது.

யாரும் வலையை எடுக்கவில்லை. பொற்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு இங்கேயும் மண் கொட்ட வந்தவர்களிடம் அந்த நோட்டைக் காட்டித்தான் தாமரைக் குளத்தை மீட்டார்.

இப்போதும் மழை விட்டதும் மஞ்சணன் மேலைக் குளத்துப் பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுப்பார். பதில் குரல் வருவதில்லை.

பழைய பயத்தில் உதவ வந்தவரிடமும் வாய் மூடிக் கிடந்தால், நம்மை நம்பியவர்களும் சேர்ந்து அழிந்து போவார்கள்.