தேயாத பூட்டு

நத்தக்கொல்லை எந்தப் பக்கம் என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுவிடாதீர்கள். கூட்டம் போட்டுத்தான் சொல்வார்கள். அங்கே மூளைக்குப் பஞ்சம் உண்டே தவிர, பதவிக்குப் பஞ்சமில்லை. ஊருக்குப் பொதுவாக ஒரு பழைய கார். அதற்கு ஒரு சங்கம். தலைவர் கோதண்டம், துணைத் தலைவர் பரமு, செயலாளர் வைரவன். அந்த ஊர் மாப்பிள்ளை எவனானாலும் அந்தக் காரில்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். நடந்து போனால் ஊருக்கே அவமானம்.

அழகேசன் கல்யாணத்துக்கு முதல் நாள், வண்டியைக் கிளப்பச் சாவி போடும் பூட்டு காலை வாரிவிட்டது. அத்தனை தேய்மானம். எப்படித் திருகினாலும் வண்டி உறுமக்கூட இல்லை. பெண்ணின் அப்பாவோ கறாரான மனுஷர். "பத்து மணிக்கு முகூர்த்தம். மாப்பிள்ளை வரலேன்னா என் தங்கச்சி பையன் இருக்கான்" என்று முன்பே சொல்லியிருந்தார். அழகேசன் டவுனுக்குப் போன் போட்டான்.

டவுன் மெக்கானிக் புதுப் பூட்டைக் கொடுத்தனுப்பிவிட்டுப் போனில் சொன்னார்: "சாவியை ஒரு கட்டம் திருப்பி, பக்கத்துல இருக்கிற ஓட்டையில கம்பியை விட்டு விடாம அழுத்துங்க. பழைய பூட்டு வந்துரும். அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசைச் சொருகுங்க. இதையாவது பதமா வச்சுக்கங்க. சும்மா சும்மா சாவியைத் திருகித்தான் பழசு தேஞ்சுது."

கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பரமு அழுத்தினார். அரை நிமிடத்தில் பூட்டு அவர் மடியில் விழுந்தது. பரமு கம்பியை விடவில்லை.

"பூட்டுதான் வந்துருச்சே, கையை எடுங்கண்ணே" என்றான் அழகேசன்.

"விடாம அழுத்தச் சொன்னாரு. எப்ப விடணும்னு சொன்னாரா?"

சொல்லவில்லைதான். மத்தியானச் சாப்பாட்டை வைரவன் ஊட்டிவிட்டார். சாயங்காலம் பரமு உட்கார்ந்தபடியே தூங்கி, கை தானாக நழுவிய பிறகுதான் புதுப் பூட்டுக்கு இடம் கிடைத்தது.

பழைய பூட்டை, அதில் செருகியிருந்த சாவியோடு கிணற்றில் போட்டார்கள். புதுச் சாவியைப் புதுப் பூட்டிலேயே விட்டு, உள்பக்கக் குமிழை அழுத்திக் கதவுகளைப் பூட்டிச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

கதவுக்கும் அதே பழைய சாவிதான் என்பது காலையில்தான் நினைவுக்கு வந்தது. கோதண்டம் கலங்கவில்லை. கடப்பாரை கொண்டுவந்து நான்கு கதவுகளையும் பெயர்த்து எடுக்கச் சொன்னார்.

"கதவு இல்லாட்டித் திருடன் வந்துருவானே, தலைவரே" என்றார் வைரவன்.

"வரட்டுமே. பூட்டு புதுசு. அவனால என்ன பண்ண முடியும்?"

மணி எட்டு. அழகேசன் பட்டு வேட்டியும் மாலையுமாகப் பின்னால் ஏறினான். வைரவன் சாவியில் கை வைத்தார். கோதண்டம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா பண்றே? திருகினா தேஞ்சுரும்னு மெக்கானிக் சொல்லலே?"

"அப்ப வண்டி எப்படிப் போகும்?"

"தள்ளினாப் போகும். பூட்டும் தேயாது."

வெகுநேரம் யோசித்துப் பார்த்தார்கள். இதில் குறை ஒன்றும் தெரியவில்லை.

பெண் ஊர் ஆறு கிலோமீட்டர். மூவரும் தள்ளினார்கள். முதல் மேட்டிலேயே வண்டி நின்றுவிட்டது. மாப்பிள்ளையும் இறங்கித் தோள் கொடுத்தான்.

மண்டப வாசலை அடைந்தபோது மணி பதினொன்றரை. தங்கச்சி பையன் தாலி கட்டி முடித்துப் பாயசம் குடித்துக்கொண்டிருந்தான். அழகேசன் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழுதேவிட்டான். கோதண்டம் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"அழாதே. பூட்டைப் போய்ப் பாரு. ஒரு கீறல் இருக்கா?"

அழகேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். இல்லை. மனசு கொஞ்சம் ஆறியது.

அந்த நேரம் பெண்ணின் அப்பா வெளியே வந்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் ஊர் போய்ச் சேர வண்டி வேண்டுமாம். கல்யாணக் காரியம், சங்கம் மறுக்குமா? இருவரும் முன்னால் ஏறி உட்கார்ந்தார்கள். புது மாப்பிள்ளை சாவியை நோக்கிக் கையை நீட்டினான்.

வண்டியின் பின்னால் தோள் கொடுத்து நின்ற அழகேசன் பதறிப்போய்க் கத்தினான்:

"மாப்ளே, சாவியைத் தொட்டுடாதீங்க. நாங்க தள்ளுறோம்."