மாசானம் வாத்தியாரை வழியனுப்பிய கதை

பனையடிப் பாளையத்துக் குடிகளுக்குச் சடுகுடுதான் முதல், சோறெல்லாம் அப்புறம். அந்த ஊர் ஆட்டக்காரன் மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு எதிரணிக்குள் போனால், திரும்பி வருவதற்குள் அரைப்படி அரிசி வெந்துவிடும். நம்பாதவர்கள் அது பழைய அரிசியா புது அரிசியா என்று வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளட்டும்.

அந்த மூச்சையெல்லாம் பழக்கியவர் அரண்மனைச் சடுகுடு வாத்தியார் மாசானம். பதினோரு வருஷத்தில் அவர் பிள்ளைகள் ஏழு சமஸ்தானத்துப் பந்தயங்களிலும் ஜெயித்திருந்தார்கள். ஆனால் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கொத்தனேரியோடு தேர்த் திருவிழாவில் ஆடும் ஆட்டத்தில் மட்டும் மூன்று வருஷமாகத் தோல்வி. பாளையத்தில் பாதிப்பேர் பெண்ணெடுத்தது கொத்தனேரியில். தோற்ற மறுநாள் மாமனார் வீட்டு விருந்துக்குப் போனால் மச்சினன் சோற்றைப் போட்டுவிட்டுச் சொல்வான்: "மெதுவாச் சாப்பிடுங்க மாப்பிள்ளை, இங்க யாரும் உங்களைப் பிடிக்க வரமாட்டாங்க."

எத்தனை வருஷம் இதைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவது? மாப்பிள்ளைகள் எல்லாம் திரண்டு அரண்மனை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். சடுகுடுக் கோட்டைக் காலால் மிதித்தறியாத எண்ணெய்ச் செட்டியார்கூட, வாத்தியாருக்குப் பிடி போடத் தெரியவில்லை என்று விளக்கிச் சொன்னார். ராஜா முத்துக்கொண்டம நாயக்கர் மாசானத்தை வேலையை விட்டு நீக்கினார். அன்றைக்கு ஊரில் பாயசம் வைக்காத வீடு இல்லை.

பத்தாம் நாள் வெளியூர் ஓலைகள் வரத் தொடங்கின. ஓலை படிப்பதும் பதில் எழுதுவதும் ராயசம் தாண்டவராயரின் உத்தியோகம். அவர் ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க ராஜாவின் மீசை இறங்கிக்கொண்டே வந்தது. ரத்தினத்தைக் குப்பையில் போட்டீரே என்றது ஒரு சமஸ்தானம். பனையடியில் வெயில் அதிகமோ என்று நலம் விசாரித்தது இன்னொன்று. ஏழும் ஏழு விதமாக ராஜாவை முட்டாள் என்றன.

"ராயசம், ஊருக்கு நான் நல்லவன், வெளியூருக்கு நான் மூடன். இது சரிப்படாது" என்றார் ராஜா. "மாசானத்தைப் பற்றி ஊரும் வெளியூரும் ஒரே சொல்லாகச் சொல்ல வேண்டும். அமாவாசை வரைக்கும் தவணை. முடியாவிட்டால் வாத்தியாருக்கு வழித்துணையாக நீரும் கிளம்பும்."

ராயசத்துக்கு இருபது வருஷமாக எழுத்தாணி தவிர எதையும் தூக்கியறியாத கை. வேறு எங்கே போய் என்ன வேலை செய்வது? வீட்டுக்கு வந்து ஏழு ஓலைகளையும் மறுபடி படித்தார். ஏழிலும் மாசானத்தைப் பற்றிப் புகழ்ச்சி வழிந்தது. ஆனால் அவரை எங்களுக்குக் கொடும் என்று ஒருவராவது கேட்டிருக்கவில்லை. ராயசம் எழுத்தாணியை எடுத்தார்.

ஏழு பேருக்கும் ஒரே பதில்தான். தங்கள் மனவருத்தம் ராஜாவை உருக்கிவிட்டது, ஆகவே மாசானத்தைத் தங்கள் சமஸ்தானத்துக்கே வாத்தியாராக அனுப்பி வைக்கிறோம் என்று எழுதினார். எட்டாவதாகக் கொத்தனேரிக்கும் ஓர் ஓலை நறுக்கு போயிற்று.

அப்புறம் தண்டோரா போட்டார். வேலை போனவரை மேளம் கொட்டி எல்லைவரை கொண்டுபோய் விட்டுவருவது பாளையத்து வழக்கம். அமாவாசையன்று காலையில் மாசானத்துக்கு அந்த மரியாதை, எந்த எல்லை என்பது ஊரார் இஷ்டம் என்று அறிவிப்பு. வடக்கு எல்லை அரை நாள் நடை. ஆற்றுத்துறையோ கூப்பிடு தூரம். கொண்டுபோய் விட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று ஊரார் ஆற்றுத்துறையைச் சொன்னார்கள். சொல்வார்கள் என்று ராயசத்துக்குத் தெரியும்.

அமாவாசையன்று ஊரே ஆடிக்கொண்டு போயிற்று. மாசானம் வாத்தியார் ஒரு மூட்டையும் கையுமாகத் தலை குனிந்து நடந்தார். துறைக்குப் போய்ச் சேர்ந்தால், அக்கரையில் பல்லக்கு. ஆளுயர மாலை. கொத்தனேரிக்காரர்கள் இவர்களைவிடப் பலமாக மேளம் கொட்டிக்கொண்டு நிற்கிறார்கள். முன்வரிசையில் மச்சினன்மார் அத்தனை பேரும் சிரித்த முகமாக.

"கொண்டாங்க மாப்பிள்ளை" என்று ஒருவன் இக்கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "உங்க பிள்ளைகளுக்கு எந்த முட்டியில வலின்னு அவருக்குத்தானே தெரியும்."

இக்கரை மேளம் நின்றுபோயிற்று. எண்ணெய்ச் செட்டியார்தான் முதலில் தண்ணீரில் குதித்து வாத்தியாரை மறித்தார். "அண்ணாச்சி, கோவத்துல நாலு வார்த்தை பேசுவோம். அதுக்காகக் கிளம்பிடறதா?" வாத்தியாரின் மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் மூட்டையே கிழிந்தது. வாத்தியாரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரார் அரண்மனைக்கு ஓடிவந்தார்கள். இவர் எங்களிடமேதான் இருக்க வேண்டும் என்று ஒரே கூச்சல்.

ராஜா தலையில் கை வைத்துக்கொண்டார். ஏனென்றால் அன்று காலையில்தான் ஏழு சமஸ்தானத்துப் பதிலும் வந்து சேர்ந்திருந்தது. அவரா, மூன்று வருஷம் திருவிழாவில் தோற்றவராமே என்று ஒருவர். எங்கள் ஊர்த் தண்ணீர் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒருவர். ரத்தினம் தங்களிடமே இருப்பதுதான் அழகு என்று மற்ற ஐவர்.

"என்ன ஓய் செய்து வைத்திருக்கிறீர்? திட்டினவன் கொண்டாடுகிறான், கொண்டாடினவன் தட்டிக் கழிக்கிறான். ஒரே சொல் எங்கே?"

ராயசம் கைகட்டிச் சொன்னார்: "இரண்டு தரப்பும் ஒன்றைத்தானே மகாராஜா சொல்கிறார்கள்? இந்த ஆள் உங்களிடமே இருக்கட்டும் என்கிறார்கள்."

ராஜா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை அவிழ்ந்து மடியில் விழுந்தது. மாசானத்துக்குப் பழைய வேலை திரும்பக் கிடைத்தது. ராயசத்துக்கு ஜரிகைச் சால்வை போர்த்தி, இன்னும் என்ன வேண்டும், கேளும் என்றார் ராஜா.

"அடுத்த தேர்த் திருவிழாவுக்கு முதல்நாள் என்னை வெளியூருக்கு அனுப்பிவிடுங்கள், மகாராஜா."

"எதற்கு?"

"மறுபடி தோற்றுவிட்டால், அங்கே இருந்தால்தானே வாத்தியாரைப் புகழ்ந்து ஓலை எழுத முடியும்?"