முதுகு கூசிய காட்டெருமை

கருங்காலிக் காட்டில் மலைமுட்டி என்று ஒரு காட்டெருமை இருந்தது. பெயரைக் கேட்டாலே புலிகூட இரண்டடி தள்ளி நடக்கும். மலைமுட்டி எதிரே வந்தால் மற்ற மிருகங்கள் பேச்சை நிறுத்திவிட்டு வழிவிடும். அதுவும் கழுத்தை நிமிர்த்தி, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்து போய்விடும். பார்த்தால் எங்கே பல்லைக் காட்டிவிடுவோமோ என்று அதற்குப் பயம்.

இந்தப் பேரும் புகழும் மேற்கத்தித் திருவிழாவில் வந்தவை.

அந்தக் காட்டு மிருகங்களின் முன்னோர்கள் ஒரு காலத்தில் மேற்கு மலையில் வாழ்ந்தவர்கள். அங்கே பஞ்சம் வந்தபோது காட்டெருமைகளின் முதுகில் ஏறிக்கொண்டு கிழக்கே வந்து சேர்ந்தார்களாம். அந்த நினைவாக, வருஷா வருஷம் கோடை முடியும் சமயத்தில் வறண்ட ஏரிக்குள் திருவிழா நடக்கும். எல்லோரும் பனையோலைத் தொப்பி போட்டுக்கொண்டு ஊர்வலம் வருவார்கள். குரங்குகள் காட்டுக்கொடியில் சுருக்குப் போட்டு, ஓடுகிற மான்களின் கொம்பில் வீசி மாட்டும். கடைசியில்தான் பெரிய போட்டி. மலைமுட்டியின் முதுகில் ஏறி உட்கார வேண்டும். மரங்கொத்தி பத்துக் கொத்து கொத்தி முடிக்கும்வரை விழாமல் இருந்தால் அவர்தான் மேற்கத்தி வீரர். ஆற்றோர மூங்கில் தோப்பு அந்த வருஷம் முழுக்க அவருக்கே. யாரும் ஜெயிக்காவிட்டால் தோப்பு மலைமுட்டிக்கு.

இதுவரை யாரும் மூன்று கொத்தைத் தாண்டியதில்லை. முன்னோர்கள் மலையிலிருந்து இங்கே வரைக்கும் குந்தி வந்த முதுகில், இப்போது கொஞ்ச நேரம்கூட உட்கார முடியவில்லையே, அது ஏன் என்று யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. "அந்தக் காலத்து ஆளுங்க தின்ன தீனி அப்படி" என்று சொல்லிவிட்டு, கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

உண்மை வேறு. மலைமுட்டி வீரத்தினால் துள்ளவில்லை. அதற்கு உடம்பெல்லாம் கூச்சம். முதுகில் ஒரு பூ விழுந்தால்கூடக் கிச்சுகிச்சு மூட்டியதுபோல விலா குலுங்கும். போட்டிக்கு வருகிறவர்களோ பயந்து பயந்து, பட்டும் படாமலும் உட்காருவார்கள். அதற்குத் தாங்குமா? சிரிப்பை அடக்க மூச்சைப் பிடிக்கும். மூச்சு மூக்கு வழியாகச் சீறும். அடக்கிய சிரிப்பு காலுக்கு இறங்கும். நாலு காலும் ஆகாயத்துக்குப் போகும். ஏறியவர் புழுதியில் கிடப்பார். கரையில் நிற்கும் கூட்டம், "ஆத்தாடி, என்ன ஆவேசம்!" என்று வாயைப் பிளக்கும்.

"ஆவேசமாம், ஆவேசம்" என்று மலைமுட்டி தோப்பில் தனியாக மேயும்போது தன்னையே கேலி செய்துகொள்ளும். "ஒரு வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்தா உருண்டு புரளுற எனக்கு மலைமுட்டின்னு பேரு. நான் முட்டின ஒரே மலை கரையான் புத்து. அதுவும் முதுகு சொறியப் போனப்போ தானா சாஞ்சது."

ஆனால் இதை வெளியே சொல்லுமா? சொல்லாது. மூங்கில் குருத்து அவ்வளவு இனிப்பாக இருந்தது.

திருவிழாவில் நெளிவாலன் என்ற நரிக்குக் கோமாளி வேஷம். விழுந்தவர்களைக் காட்டெருமை மிதித்துவிடாமல், அதன் முன்னால் குறுக்கும் நெடுக்கும் ஓடிக் கவனத்தைத் திருப்புவதுதான் கோமாளியின் வேலை. இந்த வருஷத் திருவிழாவுக்கு முந்தின நாள் நெளிவாலன் தோப்புக்குள் வந்தது.

"அண்ணே, ஒரு சந்தேகம்" என்றது.

"கேளு."

"யாராவது முதுகுல ஏறினதும் உங்ககிட்டருந்து கிகிகின்னு ஒரு சத்தம் வருதே, அது என்ன?"

"அது கோபம்."

"கோபம் வந்தா உறுமுவாங்க. நீங்க கிகிகிங்கிறீங்க."

"எங்க வம்சத்துல கோபம் அப்படித்தான் வரும்."

நெளிவாலன் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த மயிலிறகை எடுத்து, மலைமுட்டியின் விலாவில் மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தது. அவ்வளவுதான். மலைமுட்டி தொப்பென்று விழுந்து, நாலு காலையும் உதறி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துத் தீர்த்தது.

"ரொம்பக் கோபமோ?" என்று நரி கேட்டது.

மலைமுட்டி எழுந்து மண்ணை உதறிக்கொண்டது. "யார்கிட்டயும் சொல்லிடாதே."

"நான் ஏன் சொல்லப்போறேன்? இந்தத் தோப்புல எலி ஏராளம். நீங்க தொம்மு தொம்முன்னு நடக்கிறதுல ஒண்ணுகூட வளையை விட்டு வெளிய வர மாட்டேங்குது. பாதித் தோப்பை எனக்கு விட்டுடுங்க. நான் வாயைத் திறக்கவே மாட்டேன்."

மலைமுட்டி தலையாட்டியது. இவ்வளவு பெரிய கொம்பை வைத்துக்கொண்டு ஒரு மயிலிறகுக்குச் சரணடைந்தோமே என்று அதற்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும், முழுத் தோப்பும் மானமும் போவதைவிடப் பாதித் தோப்பு போவது மேல் என்று மனதைத் தேற்றிக்கொண்டது.

மறுநாள் திருவிழா களைகட்டியது. பட்ட மரத்தின் உச்சியில் மைனா உட்கார்ந்து அறிவிப்புச் செய்துகொண்டிருந்தது.

"இதோ வருகிறார், பாறையைப் பொடியாக்கியவர்! புலியைப் புல் தின்ன வைத்தவர்!"

புலி எப்போது புல் தின்றது என்று மலைமுட்டிக்கே தெரியாது. இருந்தாலும் ஏரிக்குள் இறங்கி, நடுவில் இருந்த மண்திட்டின் பக்கம் போய் முறைத்துக்கொண்டு நின்றது. போட்டியாளர்கள் திட்டின்மேல் வரிசையாக நின்றார்கள். சடையன் என்ற குரங்கு, ஒரு முயல், ஒரு நில ஆமை, ஒரு முள்ளம்பன்றி. எல்லார் தலையிலும் ஓலைத் தொப்பி. கோமாளி நரியும் அங்கேதான் நின்றது.

மேற்கு மலையில் முந்தின நாள் முழுக்க இடி இடித்திருந்தது. திருவிழா மும்முரத்தில் அதை யார் கவனித்தார்கள்? சடையன் ஏறுவதற்குக் காலைத் தூக்கியது. அப்போது மேற்கே ஓர் இரைச்சல் கேட்டது. கூட்டத்தின் இரைச்சல் என்று நினைத்து சடையன் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தது. திரும்பிப் பார்த்தால், செக்கச்செவேலென்று காட்டுவெள்ளம் ஏரிக்குள் புகுந்து வந்துகொண்டிருந்தது.

கரையில் இருந்தவர்கள் மேட்டுக்கு ஏறித் தப்பித்தார்கள். திட்டில் இருந்தவர்களைச் சுற்றித் தண்ணீர் வளைத்துக்கொண்டது. விழாத் தலைவர் கரடியார் காப்பாற்ற இறங்கினார். வெள்ளம் அவரை ஒரு புரட்டுப் புரட்டி, இறங்கிய இடத்திலேயே கொண்டுவந்து போட்டது. யானைகள் அந்தச் சமயம் தெற்குக் காட்டுக்குப் போயிருந்தன. வெள்ளத்தில் கால் ஊன்றி நிற்கக்கூடியது மலைமுட்டி ஒன்றுதான். அதன் வயிறு வரைக்கும்தான் தண்ணீர்.

"மலைமுட்டி அண்ணே, உங்க முன்னோர் மாதிரி அவங்களைச் சுமந்துட்டு வந்துடுங்க!" என்று மைனா மரத்திலிருந்து கத்தியது.

மலைமுட்டிக்குத் தன் கூச்சம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. இருந்தாலும் முதுகைத் திட்டோடு ஒட்டிக் காட்டியது. முயல் நடுங்கிக்கொண்டே வந்து, நுனிக்காலில், தொட்டும் தொடாமலும் உட்கார்ந்தது. மலைமுட்டி மூச்சைப் பிடித்தது. பல்லைக் கடித்தது. செத்துப்போன சித்தப்பாவை நினைத்துப் பார்த்தது. ஒன்றும் பலிக்கவில்லை. கிகிகி என்று ஒரு சத்தம். முயல் வெள்ளத்தில் விழுந்தது.

"ஒரே கொத்து! முயலார் வீழ்ந்தார்!" என்று மைனா பழக்க தோஷத்தில் அறிவித்துவிட்டது.

சடையன் கொடிச் சுருக்கை வீசி முயலை இழுத்துத் திட்டில் போட்டது. முயல் தண்ணீரைக் கக்கிவிட்டு, மலைமுட்டியைப் பார்த்துக் கேட்டது.

"ஏன் அண்ணே, எங்க உசுரைவிட உங்க பேருதான் பெருசா?"

அந்தக் கேள்வி மலைமுட்டியின் நெஞ்சில் குத்தியது. கூச்சத்துக்கு மருந்து என்ன என்று அதற்கு நன்றாகத் தெரியும். ஈ உட்கார்ந்தால் கூசும். பாறையில் சாய்ந்தால் கூசாது. லேசாகத் தொட்டால்தான் வம்பு, அழுத்திப் பிடித்தால் ஒன்றும் இல்லை. இதை இப்போது சொன்னால் இவர்கள் பிழைப்பார்கள். ஆனால் காடே கேட்டுக்கொண்டிருக்கிறது. நாளைக்கே கண்டவனெல்லாம் வந்து முதுகில் சம்மணம் போட்டு உட்காருவான். பேரும் போகும், தோப்பும் போகும்.

நெளிவாலன் அதன் காதருகே வந்து கிசுகிசுத்தது. "சொல்லிடாதீங்க அண்ணே. தோப்புல பாதி என்னோடது."

"உன் வால் தண்ணியில நனையுது, பார்."

"வால் காஞ்சிடும். தோப்பு போனா திரும்ப வருமா?"

மலைமுட்டி நரியின் வாலைப் பார்த்தது. முயலின் நடுக்கத்தைப் பார்த்தது. திட்டில் இன்னும் ஒரு முழம் இடம்தான் மிச்சம் இருந்தது. இந்த நரி பேசுவதைத்தானே இத்தனை வருஷமாக நானும் எனக்குள் பேசிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது, அதற்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன" என்று சொல்லிவிட்டு, அடிவயிற்றிலிருந்து கத்தியது.

"எல்லாரும் கேளுங்க! நான் வீரனும் இல்ல, சூரனும் இல்ல. எனக்கு உடம்பு கூசும். யாராவது பட்டும் படாம உட்கார்ந்தா கிச்சுகிச்சு தாங்காமத் துள்ளுறேன். இத்தனை வருஷமா நீங்க பார்த்தது என் கோபம் இல்ல, என் சிரிப்பு. திட்டுல இருக்கிறவங்க எல்லாரும் ஒண்ணா ஏறுங்க. பயப்படாம, நல்லா அழுத்தி, இறுக்கிக் கட்டிப்பிடிச்சு உட்காருங்க. பாரம் கூடக்கூட எனக்கு நல்லது."

கரையில் ஒரு காட்டுக்கோழி களுக்கென்று சிரித்தது. அதைப் பார்த்து மான் சிரித்தது. கரடியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டார்.

மலைமுட்டியின் மானம் கப்பலேறிவிட்டது. "சிரிங்க, சிரிங்க. நான் தினமும் சிரிக்கிற சிரிப்புதான், இன்னைக்கு உங்களுக்கும் பங்கு" என்று சொல்லிக்கொண்டே அது முதுகைக் கொடுத்தது.

ஆமை முதலில் ஏறிக் கல்லுப்பிள்ளையார்போல நடுவில் உட்கார்ந்தது. முயல் அதன் முன்னால் படுத்து, இரண்டு கையாலும் பிடரியை இறுக்கியது. சடையன் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டது. முள்ளம்பன்றி மட்டும் தயங்கி நின்றது.

"நான் யாரைக் கட்டிப்பிடிக்க? எல்லாரும் கத்துவாங்களே."

"நீங்க கடைசியில உட்காருங்க. உங்களுக்குப் பின்னால என் வால் மட்டும்தான் இருக்கு. அது பொறுத்துக்கும்" என்றது மலைமுட்டி.

"போச்சே, என் பாதி போச்சே" என்று புலம்பிக்கொண்டே நெளிவாலன் கொம்பைப் பிடித்துத் தொங்கியது.

மலைமுட்டி நடந்தது. பாரம் அழுத்தியதில் கூச்சம் அடங்கியிருந்தது. பாதி வழியில் ஒரு மரக்கட்டை மிதந்து வந்து இடித்தது. முயல் பயத்தில் பிடியைத் தளர்த்தியது. உடனே கிகிகி என்று கிளம்பிவிட்டது. மலைமுட்டியின் கால் வழுக்கியது. தண்ணீர் மூக்குக்கு ஏறியது.

"முயலே, அழுத்து!" என்று கத்தியது.

கரையில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். "அழுத்துங்க! இறுக்கிப் பிடிங்க!" என்று எல்லோரும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். முயல் கண்ணை மூடிக்கொண்டு உடம்பு முழுவதையும் பிடரியோடு சேர்த்து அமுக்கியது. மலைமுட்டி காலைத் தேடி ஊன்றியது. பாறை தட்டுப்பட்டது. ஒவ்வோர் அடியாக நடந்து, மூச்சு வாங்கிக்கொண்டு கரையேறியது.

கரடியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். தொண்டையைச் செருமினார். "வழக்கம்னு ஒண்ணு இருக்கு. பத்துக் கொத்துக்கு மேல உட்கார்ந்துட்டாங்க. அதனால தோப்பு இந்த வருஷம் இவங்களுக்குத்தான். மலைமுட்டி, உனக்கு வருத்தம் இல்லையே?"

"வருத்தம் இல்லாம இருக்குமா? குருத்தை நினைச்சா இப்பவே நாக்கு ஊறுது" என்றது மலைமுட்டி. "சரி, போகட்டும். தின்னு தின்னு விலா பெருத்ததுல கூசுற இடமும் பெருசாயிடுச்சு."

கூட்டம் மறுபடியும் சிரித்தது. மலைமுட்டியும் முதன்முறையாக எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சிரித்தது. பிறகு முதுகைத் திருப்பிப் பார்த்தது.

"கரை வந்தாச்சு. இறங்குங்க."

நரி மட்டும் இறங்கி ஓடியது. மற்ற யாரும் இறங்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துக்கிறோம் அண்ணே. இங்கதான் பயமில்லாம இருக்கு" என்றது முயல்.

மலைமுட்டியின் கண்ணில் தண்ணீர் கட்டியது. ஏன் என்று மைனா கேட்டதற்கு, "கிச்சுகிச்சுதான், வேற என்ன" என்று சொல்லிச் சமாளித்தது.

தன் குறையை ஒளித்து வைப்பவனைக் கண்டு நாலு பேர் பயப்படலாம். அதை வாய்விட்டுச் சொல்பவனைத்தான் நாலு பேர் நம்புவார்கள்.