சுமை ஏற்றினால் ஒட்டகம் ஏன் கத்துகிறது

மிருகங்களும் மனிதர்களும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், சகாராப் பாலைவனத்தில் வாய் ஓயாத ஒட்டகம் ஒன்று இருந்தது. மணல் சுட்டால் சுடுகிறது என்று சொல்லும். சுடாவிட்டால் அதையும் சொல்லும். அதை வைத்திருந்தவன் அமஸ்தான் என்ற அமாசிக் இனத்து இளைஞன். ஆடுகளை ஓட்டிக்கொண்டு, கூடாரத்தையும் தூக்கிக்கொண்டு மேய்ச்சல் தேடிப் போகிற மக்கள் அவர்கள்.

அவர்களிடம் ஒரு வழக்கம். கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை கொஞ்ச காலம் பெண்வீட்டார் முகாமிலேயே இருக்க வேண்டும். பிறகுதான் மனைவியைத் தன் முகாமுக்கு அழைத்துப் போகலாம். கூடாரம் மனைவியுடையது, அவள் அம்மா கொடுத்தது. அதுவும் கூடவே போகும். இன்னொரு வழக்கம்தான் வேடிக்கை. மாமியார் எதிரே மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. அங்கே ஆண்கள் போடுகிற முகத்திரையை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு அடக்க ஒடுக்கமாக நிற்க வேண்டும். அவன் சாப்பிடுவதை மாமியார் பார்த்துவிட்டால்கூட வெட்கம் பிடுங்கித் தின்னும்.

அமஸ்தானும் மனைவி திலீலாவும் கைக்குழந்தையோடு புறப்படுகிற நாள் வந்தது. மண்டியிட்ட ஒட்டகத்தின் மேல் அவன் கூடாரத் தோலை ஏற்றினான், கம்புகளைக் கட்டினான். மாமியார் சீராகக் கொடுத்த உப்புப் பாளத்தை ஒரு பக்கம் தொங்கவிட்டு, அதை ஒட்டியே தண்ணீர் நிறைந்த தோல்பையையும் கட்டினான். மாமியார் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அமஸ்தான், உப்புப் பாளத்தின் முனை தண்ணீர்ப் பையை உரசுகிறது," என்றது ஒட்டகம்.

அவன் எப்படிப் பதில் சொல்வான், பாவம்.

"உன்னைத்தான். காது கேட்கவில்லையா? இந்த உப்பை எடுத்து அந்தப் பக்கம் போடு."

கொடுத்தவர் கண்முன்னாலேயே சீரை அவிழ்த்து மாற்றுவதா? அமஸ்தானுக்கு உடம்பெல்லாம் கூசியது. குனிந்து ஒட்டகத்தின் காதில் கிசுகிசுத்தான். "என் மானத்தை வாங்காதே. சுமை ஏறியதிலிருந்து இறக்குகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று வாக்குக் கொடு."

ஒட்டகம் அவனை ஒரு பார்வை பார்த்தது. "கொடுத்தேன்," என்று வாயை மூடிக்கொண்டது.

அடுத்த கிணறு வெகு தூரம். நடுவில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. குழந்தையோடு திலீலா மேலே உட்கார்ந்து வர, அமஸ்தான் ஆடுகளை ஓட்டிக்கொண்டு நடந்தான். ஒட்டகம் பேசாமல் வந்தது அவனுக்கு அத்தனை நிம்மதி. கட்டிய சுமையை ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்பதே மறந்து போயிற்று.

பாதி வழியில் சுமையை இறக்கினான். தோல்பை தட்டையாகக் கிடந்தது. உப்பின் முனை உரசி உரசி அடியில் ஓட்டை விழுந்திருந்தது.

"வழியெல்லாம் என் விலாவில் ஈரம் வழிந்தது," என்றது ஒட்டகம்.

"ஏன் சொல்லவில்லை?"

"நீதான் வாக்கு வாங்கினாயே."

திலீலா குழந்தையின் காய்ந்த உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். அந்த இனத்துப் பெண்கள் கணவனை நேருக்கு நேர் கேட்டுவிடுவார்கள். "என் அம்மா முன்னால் உன் மானம் போகாமல் காப்பாற்றிக்கொண்டாய். இந்தக் குழந்தைக்கு இப்போது என்ன கொடுக்கப் போகிறாய்?"

அமஸ்தான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். திரும்பிப் போகவும் அதே தூரம்தான்.

ஒட்டகம் மூக்கைத் தூக்கிக் காற்றை இழுத்தது. "வடக்கே எங்கேயோ மழை பெய்திருக்கிறது. ஈரமண் வாசனை வருகிறது. ஆனால் சுமை ஏறிய பிறகும் நான் பேசினால்தான் உங்களைக் கூட்டிப்போக முடியும்."

"பேசு. எவ்வளவு வேண்டுமானாலும் பேசு," என்றான் அமஸ்தான்.

மறுபடி சுமையை ஏற்றி, திலீலாவையும் குழந்தையையும் மேலே உட்காரவைத்துக் கொஞ்ச தூரம் போனதுமே மணற்காற்று கிளம்பியது. அவன் கையே அவனுக்குத் தெரியவில்லை. "இப்படி வா, இப்படி வா," என்று ஒட்டகம் வாயை மூடாமல் கூப்பிட்டுக்கொண்டே நடந்தது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அவனும் ஆடுகளும் பின்னால் போனார்கள். வாய் நிறைய மணல் அடித்தது. ஒட்டகம் துப்பிவிட்டுத் துப்பிவிட்டுக் கூப்பிட்டது. குரல் கம்மியது, பிறகு கரகரத்தது. அதன்பின் வார்த்தை தெரியவில்லை, சத்தம் மட்டும்தான் வந்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அத்தனை உயிரும் மழை தேங்கிய பள்ளத்துக்கு வந்து சேர்ந்தன.

குழந்தை குடித்தது. குடித்த பிறகு அழுதது. அந்த அழுகையைக் கேட்டுத் திலீலாவும் அழுதாள்.

மறுநாள் சுமை ஏற்றும்போது ஒட்டகம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. கரகரவென்று ஓர் அலறல்தான் வந்தது. மறுபடி திறந்தது, மறுபடியும் அலறல்தான். அங்கே தண்ணீர் எடுக்க வந்திருந்த அயலார் சிரித்தார்கள். "என்னப்பா, உன் ஒட்டகம் உன்னைத் திட்டுகிறதா?"

"திட்டட்டும். அதற்கு உரிமை இருக்கிறது," என்றான் அமஸ்தான். அத்தனை பேர் பார்க்கச் சுமை முழுவதையும் இறக்கி, ஒவ்வொரு முடிச்சாக மறுபடி கட்டினான்.

அன்றைக்குத் தொடங்கியதுதான் அந்த வழக்கம். முதுகில் ஒரு பாயைப் போட்டால்கூட எந்த ஒட்டகமும் ஊரே கேட்கக் கத்துகிறது. பாலைவனத்து மனிதனும் அதைச் சும்மா இரு என்று அதட்டாமல், சுமையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து தண்ணீர்ப் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் புறப்படுகிறான்.