ஊறுகாய் பாட்டிலும் மாறிப்போன மூடியும்

ஒரு ஊர்ல ஒரு ஊறுகாய் பாட்டில் இருந்துச்சு. பச்சைத் திருகு மூடி போட்ட பாட்டில். அது ஆவுடையக்கா வீட்டுப் பாட்டில். ம் சொல்லணும், சரியா? ம்.

ஆவுடையக்கா ஒரு பாட்டிலையும் தூக்கிப் போட மாட்டா. கழுவிக் காயவச்சு, ஒண்ணுல கடுகு, ஒண்ணுல ஊசியும் பட்டனும், ஒண்ணுல தீப்பெட்டி. மழைக்காலத்துல நமுத்துப் போயிரும்ல, அதுக்கு. பக்கத்து வீட்டுக் கோமுவும் அதே மாதிரிதான். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு சுவரு. இங்க இருந்து ஊறுகாய் போகும், அங்க இருந்து அதே பாட்டில்ல அவல் வரும். வெறும் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கவே கூடாது, அது அவங்க வழக்கம்.

அப்புறம் ஒருநாள் கோமுவோட ஆடு மாடியேறிப் போயி, ஆவுடையக்கா காயப்போட்ட வத்தலை எல்லாம் நறுக் நறுக்குன்னு தின்னுருச்சு.

"ஏட்டி கோமு! உன் ஆடு என் வத்தலைப் பூராத் தின்னுட்டுதே!"

"தின்னுச்சு, இல்லங்கல. உப்பை அள்ளிக் கொட்டியிருக்கீங்க. தண்ணியாக் குடிச்சுக் குடிச்சு என் ஆட்டுக்கு வயிறு ஊதிக் கெடக்கு!"

ஆவுடையக்காவுக்குக் கோவம் வந்துச்சு பாரு! ஆடு தின்னதுக்குக்கூட இல்ல. உப்புன்னு சொன்னதுக்கு.

"என் ஊறுகாய் பாட்டிலைக் கொடு. அத்தோட சரி, உனக்கும் எனக்கும்!"

"தாரேன்!"

கோமு விறுவிறுன்னு பாட்டிலைக் கழுவுனா. ஆனா வெறும் பாட்டிலைக் கொடுக்க முடியுமா? கோவத்தோடயே அவலை அள்ளிப் போட்டா. கோவத்தோடயே ஒரு மூடியைத் திருகுனா. ஆவுடையக்கா வாசப்படியில டொக்குன்னு வச்சுட்டுப் போயிட்டா. அப்புறம் பேச்சே இல்ல. தூங்கிட்டியா? ம். சரி.

அப்புறம் கொஞ்ச நாள் கழிச்சு, ஆவுடையக்கா மக வடிவு உண்டாயிருக்கான்னு சேதி வந்துச்சு. எது தின்னாலும் குமட்டுதாம். அம்மா போட்ட எலுமிச்சங்காய் ஊறுகாய்தான் வேணுமாம். மத்தியானம் பஸ்ஸு. ஆவுடையக்கா அந்தப் பாட்டில்ல கழுத்து வரைக்கும் ஊறுகாய் போட்டு, எண்ணெய் ஊத்தி, மூடியைத் திருகுனா. கிர்ர்... கிர்ர்... கிர்ர்... சுத்துது, பிடிக்கல. பச்சை மூடிதான், ஆனா இது கோமு வீட்டு மூடி! பாட்டிலைச் சாய்ச்சா எண்ணெய் சொட்டு... சொட்டு...

அப்போ வாய்க்குப் பிளாஸ்டிக் பேப்பர் போட்டு, ரப்பர் பேண்டு மாட்டுனா. சாய்ச்சா, சொட்டு சொட்டு.

அப்புறம் துணியைச் சுருட்டி அடைச்சா. துணி எண்ணெயைக் குடிச்சுட்டு, சொட்டு சொட்டு.

அப்புறம் வாழை இலையை வாட்டிக் கட்டுனா. படார்னு கிழிஞ்சு, சேலை எல்லாம் எண்ணெய்!

"ஐயோ! என் பிள்ளை வாயில ஒரு வாய் இறங்கலங்குதா, இதை எப்படிக் கொண்டுபோவேன்!"

சுவத்துக்கு அந்தப் பக்கம் கோமுவுக்குக் கேட்டுச்சு. அவ வீட்டுலயும் மல்லித்தூள் பாட்டில்ல மூடி உக்காராம, தூள் எல்லாம் கட்டி தட்டிக் கெடக்கு. அந்த மூடியைக் கழட்டிப் பார்த்தா, 'அடிப்பாவி, மாத்திப் போட்டுட்டேனே'ன்னு ஆயிருச்சு.

ஆவுடையக்கா வேற வழியில்லாம, கையில மூடியோட கதவைத் திறந்தா, எதுக்க கோமு நிக்கா. அவ கையிலயும் ஒரு மூடி. மூடியை மட்டும் வெறுமனே நீட்ட முடியுமா? குட்டித் தட்டு மாதிரி மல்லாத்திப் பிடிச்சு, அதுல ரெண்டு மாங்காய் வத்தல்.

"இது உங்களுக்கு இல்ல. வடிவுக்கு. புளிப்பு கேக்கும்ல."

ஆவுடையக்காவும் மூடியை நீட்டுனா. அதுலயும் நாலு வத்தல் கெடக்கு.

"இது உனக்கு இல்ல. உன் ஆட்டுக்கு. உப்பைக் குறைச்சுத்தான் போட்டிருக்கேன்."

கோமுவுக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு. "நல்லவேளை. பாவம், வாயில்லாச் சீவன்!"

"வாயில்லாமதான் என் வத்தலை எல்லாம் தின்னுச்சாக்கும்!"

அப்போ ஆடு என்ன சொல்லுச்சு? மேஏஏ!

கோமுவே உக்காந்து திருகுனா. கிர்ர்... கிர்ர்... டக்! தலைகீழாக் கவுத்துப் பார்த்தாங்க, ஒரு சொட்டு இறங்கல. ஆவுடையக்கா பஸ் ஏறுனா. வடிவு ஊறுகாயைத் தொட்டுக்கிட்டு ரெண்டு தட்டுச் சோறு தின்னா.

காலியான பாட்டில்ல அவ முறுக்குப் போட்டு அனுப்புனா. அந்த முறுக்கை ஆவுடையக்கா அப்படியே பாட்டிலோட கோமுகிட்ட கொடுத்துட்டா.

அப்போ பாட்டில் இப்போ யார் வீட்டுல? கோமு வீட்டுல. திருப்பிக் கொடுக்கலயான்னு கேக்கியா? கொடுப்பா, கொடுப்பா. உள்ள என்ன போடுறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கா.

ம் சத்தத்தைக் காணோமே. பாட்டிலுக்கு மூடி போட்டாச்சு, கதைக்கும் போட்டாச்சு. தூங்கு.